பாடசாலை விட்ட பிறகு கட்டடத்தைத் திறப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரும்பாலான பாடசாலைகள் காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு விடுகின்றன. கீழ்த் தரங்களின் பிள்ளைகள் அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தாய் ஆடைத் தொழிற்சாலையிலோ அரிசி ஆலையிலோ வயலிலோ நின்றால் வீடு வந்து சேர ஐந்து, ஐந்தரை ஆகும். இடையிலுள்ள நாலு மணித்தியாலமும் பிள்ளை அம்மம்மாவோடு இருக்கும், அல்லது பக்கத்து வீட்டில், அல்லது ஒருவரும் இல்லாமல். ஊரில் பெரிய கூரையும் தண்ணீரும் மலசலகூடமும் மதிலும் ஒன்றாக உள்ள இடம் அந்த நேரம் பூட்டிக் கிடக்கிறது.

அதைத் திறந்து தரும்படி கேட்டால் அதிபர்கள் தயங்குவார்கள். மனமில்லாமல் தயங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் காலை ஆசிரியர் வகுப்புக்குள் வரும்போது கதிரை குறைந்திருந்தாலும், கரும்பலகை அழிந்திருந்தாலும், மலசலகூடம் நாறினாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நீங்கள் எவ்வளவு நல்ல காரியம் செய்தாலும் அந்தக் காலைப் பொழுதில்தான் உங்களுக்கு மதிப்பெண். இந்த வழிகாட்டியில் உள்ள பாதி விடயங்கள் காலை 7.15க்கு அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி யோசித்தவை.

யாருக்காகத் திறக்கிறீர்கள்

முதல் தவணையில் எல்லோருக்கும் திறக்க நினைக்காதீர்கள். அதே பாடசாலையின் தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளோடு தொடங்குவதே சரி. அவர்கள் ஏற்கெனவே பாடசாலையின் பதிவேட்டில் உள்ளவர்கள். பெற்றோரை அதிபருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு மலசலகூடம் எங்கே, கிணறு எங்கே என்று சொல்லித்தரவும் தேவையில்லை.

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சேர்த்தால் விடயம் வேறு திசைக்குப் போகும். அது முன்பள்ளியின் வயது. கிழக்கு மாகாணத்தில் முன்பள்ளிகளுக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். அவர்களிடம் பேசாமல் அந்த வயதுப் பிள்ளைகளை எடுக்க வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே என்றால், சாதாரண வகுப்பறை அதற்கு உரிய இடமே அல்ல. தூங்கவைக்க இடமில்லை, கழுவிவிட வசதியில்லை, மலசலகூடத்துப் படி கூட அந்தக் காலுக்கு உயரம்.

எத்தனை தாய்மாருக்கு உண்மையில் தேவை என்பதை ஒரு கிழமைக்குள் கணக்கெடுங்கள். மூன்று கேள்வி போதும்: எந்த நாட்கள், எத்தனை மணிவரை, யார் வந்து கூட்டிப்போவார். ‘எங்கட பிள்ளையையும் போடுங்க’ என்று சொன்னவர்கள் எல்லோரும் வரமாட்டார்கள். முப்பது பேர் சொன்னால் பதினைந்து பேருக்கு ஆயத்தம் செய்வது பாதுகாப்பான கணக்கு. அறுவடைக் காலத்தில் மட்டும் எண்ணிக்கை ஏறும்: பெரும்போகத்துக்குப் பெப்ரவரி, மார்ச், சிறுபோகத்துக்கு ஓகஸ்ட்டை ஒட்டி.

முஸ்லிம் ஊர்களில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பிள்ளைகள் பின்னேரம் குர்ஆன் வகுப்புக்குப் போவதால் அங்கே தேவை பெரும்பாலும் பகல் 1.30க்கும் பின்னேர அசர் தொழுகைக்கும் இடையில்தான். நேரத்தை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள். நோன்பு காலத்தில் பாடசாலை விடுமுறை. அப்போது இந்த ஒழுங்கு வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

யார் நடத்துவது

தனி ஆள் கேட்டால் அனுமதி கிடைப்பது கடினம். பதிவு இலக்கம் உள்ள ஒரு சங்கம் கேட்க வேண்டும். கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் உயிரோடு இருந்தால் அதுவே முதல் தெரிவு. பிரதேச செயலகத்தில் பதிவு இருக்கும், வங்கிக் கணக்கு இருக்கும், தாய்மாரும் அதிலேயே இருப்பார்கள். பழைய மாணவர் சங்கமும் பரவாயில்லை. விளையாட்டுக் கழகத்துக்குப் பிள்ளைப் பராமரிப்பைக் கொடுக்காதீர்கள், மைதானத்தைக் கொடுங்கள்.

பாடசாலை ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்கே காசு வாங்கி ரியூஷன் நடத்தும் ஏற்பாடாக இது மாறினால், அல்லது அப்படித் தோற்றமளித்தாலும், முறைப்பாடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும். அங்கேயே எல்லாம் நின்றுவிடும். ஆகவே கடிதத்திலேயே ‘கட்டண வகுப்பு அல்ல’ என்று எழுதிவிடுங்கள். வீட்டுப்பாடம் செய்யவைக்கலாம், புதிய பாடம் நடத்த வேண்டாம்.

அனுமதி: வரிசை மாறக்கூடாது

1. அதிபரை நேரில் பாருங்கள், கையில் கடிதம் இல்லாமல். எந்தக் கட்டடம், எந்த நாட்கள், எது அவருக்குப் பயம் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பயங்களே உங்கள் உடன்படிக்கையின் வாசகங்கள்.

2. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அதிபரே அதன் தலைவர் என்பதால் முதல் படி ஒழுங்காகப் போயிருந்தால் இது இலகு. தீர்மானம் கூட்டறிக்கையில் எழுதப்பட வேண்டும்; முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு. வாய்ச் சம்மதம் அதிபர் இடமாற்றம் பெறும் நாளோடு போய்விடும்.

3. தீர்மானத்தின் பிரதியோடு கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம். ‘ஊடாக’ என்ற வரியை விட்டு நேரே அனுப்பினால் கடிதம் கீழே திரும்பி வரும், இரண்டு கிழமை போகும்.

4. அதே கடிதத்தின் பிரதிகள் பிரதேச செயலாளருக்கும், கிராம உத்தியோகத்தருக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும். இவர்கள் அனுமதி தருபவர்கள் அல்லர். ஆனால் ஏதும் நடந்தால் முதலில் வருபவர்கள். முன்பே தெரிந்திருந்தால் வேறு முகத்தோடு வருவார்கள்.

வலயத்தைச் சரிபாருங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு. காத்தான்குடிப் பாடசாலை நகரத்துக்குப் பக்கத்தில் என்பதற்காக மட்டக்களப்பு வலயத்துக்கு எழுதிவிடுகிறார்கள். அது ஏறாவூர், ஓட்டமாவடியோடு மத்தி வலயத்தில் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் ஏழு: அம்பாறை, தெஹியத்தகண்டிய, மகாஓயா, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில். தேசிய பாடசாலை என்றால் அது மாகாணத்தின் கீழ் இல்லை, கல்வி அமைச்சின் கீழ். கடிதம் யாருக்கு, எந்த வழியில் என்று அதிபரிடமே கேட்டு எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இந்த அளவு போதும்:

‘எமது சங்கம் (பதிவு இலக்கம் …) … வித்தியாலயத்தின் … கட்டடத்தில் உள்ள … ஆம் வகுப்பறையை, பாடசாலை நாட்களில் பி.ப. 1.30 முதல் 5.00 மணிவரை, தரம் 1 முதல் 5 வரையான 16 மாணவர்களின் பராமரிப்புக்காக ஒரு தவணைக்குப் பயன்படுத்த அனுமதி கோருகிறோம். இது கட்டண வகுப்பு அல்ல. பொறுப்பாளர்கள் மூவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இணைக்கப்பட்டுள்ளன. சுத்தம், மின்கட்டணம், சேதம் ஆகியவற்றுக்கு எமது சங்கம் பொறுப்பு. பரீட்சை, தேர்தல், அனர்த்தம், பாடசாலை நிகழ்வு ஆகியவற்றுக்குக் கட்டடம் தேவைப்படும்போது முன்னறிவித்தலின்றி விட்டுத் தருவோம்.’

ஒரு தவணைக்கு என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்குக் கேட்டால் பெரிய முடிவாகத் தெரியும். மூன்று மாதம் முடிந்த பின் பதிவேட்டைக் காட்டி நீட்டித்துக்கொள்வது எளிது.

எந்த அறை

அதிபர் காட்டும் முதல் அறையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். யாரும் பயன்படுத்தாத அறையைத்தான் முதலில் காட்டுவார், அது பயன்படாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கும். பகல் 2 மணிக்கு, வெயிலில், போய்ப் பாருங்கள். தகரக் கூரையின் கீழ் கச்சான் காற்றுக் காலத்தில் (வறண்ட சூடான காற்று வீசும் மாதங்களில்) அந்த நேரம் பிள்ளைகளை இருத்தவே முடியாது. மேற்குச் சுவர்ப் பக்கம் மரம் நிற்கும் அறை, அல்லது ஓட்டுக் கூரை, இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

அளவு: ஒரு பிள்ளைக்கு 25 சதுர அடி வைத்துக்கொள்ளுங்கள். 20க்கு 20 அடி அறை 400 சதுர அடி, 16 பிள்ளைகள். இருபது பேரை அடைத்தால் மழை நாளில், எல்லோரும் உள்ளே இருக்க வேண்டிய நாளில், சண்டை தொடங்கும்.

பழைய நீளக் கட்டடங்களில் அறைகளுக்கு இடையே முழுச் சுவர் இல்லை, தட்டி மட்டும். அப்படியானால் நீங்கள் கேட்ட ஓர் அறைக்கு அல்ல, முழுக் கட்டடத்துக்கும் பொறுப்பாகிறீர்கள். அந்தத் தொங்கலில் உள்ள கடைசி அறையை எடுத்து, பக்கத்துத் தட்டியோரம் வாங்குகளை வரிசையாக வைத்து மறியுங்கள்.

அறையிலிருந்து மலசலகூடத்து வாசல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேறு அறை பாருங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆண், பெண் வேறாக, உள்தாழ்ப்பாள் வேலை செய்ய, வாளியும் கோப்பையும் இருக்க வேண்டும். கிணறு இருந்தால் கட்டு உயரமாக இருந்தாலும் மூடி வேண்டும்; கம்பி வலையடித்த சட்டம் போதும், பூட்டுப் போடக்கூடியதாக. கூரைத் தாழ்வாரத்தில் குளவிக் கூடு, வளவில் முழங்கால் உயரப் புல், உடைந்த வாங்குக் குவியல் (பாம்புக்கு இதைவிட நல்ல இடமில்லை) எல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு சிரமதானத்தில் தீர வேண்டியவை.

ஆட்கள்

பிள்ளைகள் மூன்று பேரே வந்தாலும் பெரியவர்கள் இருவர் நிற்க வேண்டும். ஒருவர் காயப்பட்ட பிள்ளையோடு போனால் மற்றவர் மீதிப் பிள்ளைகளோடு நிற்க. ஒருவரும் தனியே ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இல்லாதிருக்க. ஆறு முதல் பத்து வயதுக்குப் பத்துப் பேருக்கு ஒருவர் என்று வையுங்கள். 16 பிள்ளைகளுக்கு இருவரும், சிற்றுண்டிக்கும் சுத்தத்துக்கும் மூன்றாமவரும் போதும். மூன்றாமவரை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். பிடித்தால் பிள்ளைகளைப் பார்ப்பவரே பாத்திரம் கழுவப் போவார், அந்தப் பத்து நிமிடத்தில்தான் யாராவது விழுவார்கள்.

ஒவ்வொருவரிடமும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழை, பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு, வாங்கி வையுங்கள். ‘நம்ம ஊர்ப் பிள்ளைதானே’ என்று யாருக்கும் விலக்கு வேண்டாம். விலக்கு இல்லையென்றால் யாரும் கோபிக்கவும் முடியாது. அடிப்பது இல்லை, மிரட்டுவது இல்லை, முழங்காலில் இருத்துவது இல்லை என்று எழுத்தில் கையொப்பம் வாங்குங்கள். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னாலோ, உடலில் அடையாளம் தெரிந்தாலோ விசாரணை நடத்தப் போகாதீர்கள். கேட்டதை அப்படியே எழுதி சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்திலோ தெரிவியுங்கள். சுவரில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டிய இலக்கங்கள்: 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 1929 சிறுவர், 117 அனர்த்த முகாமைத்துவம். பக்கத்து ஆசுபத்திரியின் இலக்கத்தையும் சேருங்கள்.

ஒரு பின்னேரம் எப்படி ஓடும்

1.15: பொறுப்பாளர் வந்து அறையின் நாலு மூலையிலிருந்தும் கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறார். மாலையில் மேசை, கதிரையைத் திருப்பி வைக்க இந்த நாலு படமும் வேண்டும். வகுப்பாசிரியர் கரும்பலகையில் நாளைக்கான பாடத்தை எழுதிவிட்டுப் போயிருந்தால் அதன் மேல் பழைய சாறித்துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். அழிந்த கரும்பலகைக்காக வரும் மனஸ்தாபம் உடைந்த கதிரைக்காக வருவதைவிடப் பெரியது. அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள்.

1.30: பிள்ளைகள் வந்ததும் பெயர் கூப்பிடல். வராத பிள்ளையின் வீட்டுக்குப் பத்து நிமிடத்துக்குள் அழைப்பு. வீதியில் தொலைந்ததா, வீட்டுக்குப் போனதா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட வேண்டும்.

1.40 முதல் 2.15 வரை கைகால் கழுவி, கொண்டுவந்த சோற்றுப் பெட்டியைச் சாப்பிடுவது. பகல் சோற்றை நீங்கள் சமைக்க முயல வேண்டாம், முதல் தவணையிலாவது. அதன் பிறகு ஒரு மணித்தியாலம் பாயில் படுக்கை அல்லது அமைதியாகக் கதைப் புத்தகம், படம் கீறல். கீழ்த் தரப் பிள்ளைகள் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். 3.15க்கு வீட்டுப்பாடம், 3.45க்குச் சிற்றுண்டி, 4 மணிக்கு வெயில் இறங்கியதும் வெளியே விளையாட்டு. 4.40க்கு எல்லோரும் உள்ளே, பை கட்டல். 5 மணிக்கு ஒப்படைப்பு.

சிற்றுண்டிக்கு அவித்த கடலை, கௌபி, பயறு மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். 16 பிள்ளைக்கு உலர்ந்த கௌபி 600 கிராம், ஒரு தேங்காயில் பாதித் துருவல், உப்பு. காலையில் வீட்டில் ஊறப்போட்டு, அவித்து, மூடிய பாத்திரத்தில் கொண்டுவாருங்கள். தேங்காய்ப்பூவை வீட்டில் சேர்க்க வேண்டாம், கொடுக்கும் நேரத்தில் சேருங்கள். நம் வெயிலில் தேங்காய் கலந்த அவியல் நாலு மணித்தியாலத்தில் புளித்துவிடும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று சேர்க்கும் படிவத்திலேயே கேளுங்கள். குடிதண்ணீர் ஒரு பிள்ளைக்கு ஒரு லீற்றர் என்று வைத்தால் 16 லீற்றர், கொதித்தாறியது, குழாய் வைத்த மூடிய பாத்திரத்தில். ஜீவனிப் பைக்கற் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புக் கலவை) நாலு எப்போதும் இருக்கட்டும். ஒரு பைக்கற் ஒரு லீற்றர் தண்ணீருக்கு, பாதிப் பைக்கற் பாதிக்கு என்று பிரிக்கக்கூடாது.

ஒப்படைப்பு

கூட்டிப்போகக்கூடிய மூன்று பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி படிவத்தில் இருக்க வேண்டும். நாலாவது ஆள் வந்தால், மாமாவாக இருந்தாலும், தாயிடம் தொலைபேசியில் கேட்டபிறகே அனுப்புங்கள். ஓட்டோக்காரர் கூட்டிப்போவது வழக்கம் என்றால் அவரும் அந்த மூவரில் ஒருவராக எழுதப்பட வேண்டும். தாயும் தகப்பனும் பிரிந்திருக்கும் குடும்பங்களில் யாரிடம் கொடுப்பது என்பதை உங்கள் மனச்சாட்சி தீர்மானிக்கக்கூடாது; நீதிமன்றக் கட்டளை இருந்தால் அதன் பிரதி, இல்லாவிட்டால் சேர்த்தவரின் எழுத்து.

பிந்தி வருபவர்கள் இருப்பார்கள். 5.15க்குத் தாய்க்கு அழைப்பு, 5.30க்கு மற்ற இருவருக்கும். 6 மணிவரை ஒருவரும் வரவில்லை, தொலைபேசியும் வேலை செய்யவில்லை என்றால் கிராம உத்தியோகத்தருக்கு. அதுவரை இருவர் நிற்க வேண்டும். இரக்கப்பட்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போய் வீட்டில் விடுவது நல்ல எண்ணம்தான், ஆனால் செய்யாதீர்கள். வீட்டில் ஒருவரும் இல்லாவிட்டால் பிள்ளையை யாரிடம் விடுவீர்கள்?

திறப்பு, சுத்தம், மின்சாரம்

திறப்பு ஒருவரிடம் மட்டும். பிரதியெடுக்கக்கூடாது. யாரிடம் இருக்கிறது, எப்போது கொடுத்தார், எப்போது வாங்கினார் என்று ஒரு கொப்பியில் கையொப்பத்தோடு எழுதுங்கள். காவலாளி உள்ள பாடசாலையில் திறப்பு காவலாளியிடமே இருக்கட்டும். அவரைத் தாண்டித் திறப்பு வாங்கினால் முதல் எதிரி அவர்தான்.

சுத்தம் செய்ய இருவருக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். தும்புத்தடி இரண்டு, ஈர்க்குமாறு ஒன்று, நிலம் துடைக்கும் துணி, வாளி இரண்டு, மூடியுள்ள குப்பைத் தொட்டி இரண்டு (உக்குவதும் உக்காததும்) எல்லாம் உங்கள் சொந்தமாக இருக்க வேண்டும். பாடசாலையின் தும்புத்தடியைத் தொடாதீர்கள். அதுவும் இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருள், வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பில் எண்ணப்படும். வரிசை: முதலில் மேசை லாச்சிகளைப் பார்த்தல் (மற்றப் பிள்ளைகளின் கொப்பி, பென்சில் அங்கே இருக்கும், தொலைந்தால் உங்கள் பிள்ளைகள் மீதுதான் பழி), பிறகு கூட்டல், துடைத்தல், கடைசியாக மலசலகூடம். பிறகு 1.15க்கு எடுத்த படங்களைப் பார்த்துத் தளபாடத்தை அடுக்கி, மறுபடியும் நாலு படம். உடைந்தது ஏதும் இருந்தால் அன்றிரவே அதிபருக்குச் செய்தி அனுப்புங்கள். அவர் காலையில் ஆசிரியர் வாயால் கேட்கக்கூடாது. அவர் அதைப் பாடசாலையின் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் (நடந்தவற்றை அதிபர் பதியும் புத்தகம்) எழுதுவதாக இருந்தால் எழுதட்டும், அது உங்களுக்கும் பாதுகாப்பு.

மின்கட்டணக் கணக்கு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. 75 வாற் மின்விசிறி மூன்று, நாலு மணித்தியாலம்: 0.9 அலகு. 18 வாற் எல்.ஈ.டி. குழல் விளக்கு நாலு, ஒன்றரை மணித்தியாலம்: 0.1 அலகுக்குச் சற்றுக் கூட. ஒரு நாளைக்கு ஒரு அலகு, மாதம் இருபது நாளுக்கு இருபது அலகு. தண்ணீர் மோட்டார் போட்டால் அதைச் சேருங்கள். முதல் கிழமையில் 1.30க்கும் 5க்கும் மின்மானியைப் படித்து இதைச் சரிபாருங்கள். அந்த நேரம் வேறு அறை பாவனையில் இருந்தால் கணக்குப் பிழைக்கும். கட்டணத்தைச் சராசரி விலையில் போட வேண்டாம். மேலதிக அலகுகள் மேல் படியில் விழக்கூடும் என்பதால் பட்டியலில் உள்ள கடைசிப் படி விலையால் பெருக்கி, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குச் செலுத்திப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாத காசு கொடுத்ததாகாது.

பெற்றோரிடம் பராமரிப்புக் கட்டணம் கிழமைக்கு ஒருமுறை வாங்குங்கள். நாட்கூலிக் குடும்பங்களுக்கு மாதக் கட்டணம் சுமை. நிலுவை ஏறினால் வெட்கத்தில் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். அறுவடை நேரம் சிலர் நெல்லாகத் தர முன்வருவார்கள். வாங்கலாம், ஆனால் சங்கத் தலைவியின் வீட்டில் வையுங்கள். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கம் வளவுக்குள் நெல், அரிசி, உப்பு, வாழைப்பழம் ஏதும் இரவில் வைத்தால் யானை மதிலை உடைத்துக்கொண்டு வரும். சிற்றுண்டிப் பாத்திரத்தையும் கழுவாமல் விட்டுப் போகாதீர்கள்.

ஊருக்கான மற்றப் பயன்பாடு

பிள்ளைப் பராமரிப்பு ஒரு தவணை ஒழுங்காக ஓடிய பிறகே மற்றவற்றைக் கேளுங்கள். முதியோர் சங்கக் கூட்டம், பிள்ளைகளின் நிறை நிறுக்கும் நாள், தையல் வகுப்பு, ஞாயிறு அறநெறி வகுப்பு ஆகியவை சிக்கல் குறைந்தவை. கூத்துப் பழக்கம் வேறு மாதிரி. மத்தளமும் சலங்கையும் நடுச்சாமம் வரை போகும், மட்டக்களப்பில் அதை யாரும் ஒன்பது மணிக்கு நிறுத்தமாட்டார்கள். வகுப்பறை வேண்டாம், மைதானத்தில் களரி (கூத்து ஆடும் வட்ட மேடை) போட்டுக்கொள்ளட்டும், விளக்குக்கும் மலசலகூடத்துக்கும் மட்டும் அனுமதி எடுங்கள். அரசியல் கூட்டம் எந்தக் கட்சிக்கும் இல்லை. கலியாண வீட்டுக்கும் இல்லை என்பதே எங்கள் அபிப்பிராயம்: பாடசாலைக் கதிரை அதிகம் உடைவது அங்கேதான், சொந்தக்காரரிடம் சேதக் காசு கேட்கவும் முடியாது. ஆடி மாதத்தை ஒட்டிக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களுக்குத் தங்க இடம் கேட்பார்கள், முக்கியமாகத் திருக்கோவில், பொத்துவில் பக்கம். அதை அதிபரும் கோயில் நிருவாகமும் பேசித் தீர்க்கட்டும். அந்தக் கிழமை உங்கள் அறையை விட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள்.

எப்போது நிற்கும்

பரீட்சை நிலையமாகும் பாடசாலையில் பரீட்சை நாட்களில் அந்தக் கட்டடத்துக்குள் போகவே முடியாது. அட்டவணை வெளியானவுடன் மாற்றிடம் பாருங்கள்: ஆலய மண்டபம், பல்தேவைக் கட்டடம், பக்கத்து முன்பள்ளி. பெற்றோருக்குக் குறைந்தது இரண்டு கிழமை முன்பே சொல்ல வேண்டும், வேலைத்தலத்தில் அவர்கள் லீவு கேட்பதற்கு. வாக்களிப்பு நாளும் அதற்கு முந்திய நாளும் அப்படியே.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காலத்தை வேறாகத் திட்டமிடுங்கள். நவம்பரில் சூரியன் 5.45க்கு முன்பே மறைந்துவிடும், மழை முகிலோடு ஐந்துக்கே இருட்டும். அந்த மாதங்களில் முடியும் நேரத்தை 4.30 ஆக்குங்கள், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இது மழைக்காக மட்டுமல்ல, யானை இறங்கும் நேரம் என்பதாலும். வெள்ளம் வந்தால் பாடசாலை நலன்புரி நிலையமாகும் (இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கும் இடம்), திறப்பைக் கிராம உத்தியோகத்தர் கேட்பார், உடனே கொடுங்கள். உங்கள் பாய், பாத்திரம், புத்தகம் எல்லாம் ஒரே பெட்டகத்தில் பூட்டியிருந்தால் அரை மணித்தியாலத்தில் இடத்தை விட்டு விலகலாம். குடும்பங்கள் திரும்பிப் போன பிறகு உடனே தொடங்க வேண்டாம். கிணற்றுக்குக் குளோரின் இட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சரி என்று சொல்ல வேண்டும். மலசலகூடக் குழி நிரம்பியிருக்கும், வெறுமையாக்க வேண்டும். மழைக்குப் பின் நுளம்புக் காலம். பீலி, பூச்சாடி, வளவில் கிடக்கும் சிரட்டை, யோகட் கோப்பை எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துக் கொட்டுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், ஆகவே எட்டாம் நாளுக்கு விடக்கூடாது. பாடசாலை விடுமுறையிலும் இந்த வேலையை யார் செய்வார் என்று பெயர் எழுதி வையுங்கள்.

தவணை முடியும்போது அதிபரிடம் கொண்டுபோக வேண்டியவை நாலு: வரவுப் பதிவேடு, ஒப்படைப்புப் பதிவேடு, சேதப் பட்டியலும் திருத்திய பற்றுச்சீட்டும், மின்கட்டணப் பற்றுச்சீட்டு. நீடிப்புக் கடிதத்தை இவற்றின் மேலே வைத்து, தவணை விடுமுறை தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்பே கொடுங்கள். விடுமுறை தொடங்கிய பின் கொடுத்தால் செயற்குழு கூடாது, அடுத்த தவணையின் முதல் மாதத்தில் பிள்ளைகளுக்கு இடம் இருக்காது.